‘நியூஸ்’ நான்கு திசைகளிலிருந்து வரவில்லை: ஆங்கிலச் சொற்களின் மெய்யான வரலாறு

‘நியூஸ்’ என்ற ஆங்கிலச் சொல், வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு ஆகிய நான்கு திசைகளின் ஆங்கிலப் பெயர்களிலிருந்து முதலெழுத்தை எடுத்துக் கோத்தது என்று ஒரு விளக்கம் நெடுங்காலமாக உலவுகிறது. நாலாபுறமிருந்தும் வருவதுதானே செய்தி என்று கேட்பவரும் தலையாட்டிவிடுகிறார். ஆனால் அது உண்மை இல்லை. ‘நியூ’ என்றால் புதியது. அதன் பன்மை ‘நியூஸ்’, அதாவது புதியவை. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தப் பொருளில்தான் அந்தச் சொல் ஆங்கிலத்தில் தலைகாட்டுகிறது. பிரெஞ்சு மொழியிலும் புதியது என்பதன் பன்மையே செய்தியைக் குறிக்கிறது. ஆங்கிலம் அந்த வழியில் போனது. திசைகளுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இப்படிப்பட்ட விளக்கங்கள் ஆங்கிலச் சொற்களைச் சுற்றி ஏராளமாக முளைத்திருக்கின்றன. ‘கோல்ஃப்’ என்பது ‘ஆண்களுக்கு மட்டும், பெண்களுக்குத் தடை’ என்ற அறிவிப்பின் சுருக்கம் என்பார்கள். ‘டிப்’ என்பது சேவை விரைவாகக் கிடைக்க வைக்கப்படும் பணத்தைக் குறிக்கும் தொடரின் சுருக்கம் என்பார்கள். இவற்றைச் சோதிக்க ஒரே கேள்வி போதும்: சொல் எப்போது பிறந்தது? முதலெழுத்துகளைச் சேர்த்து, அதையே ஒரு சொல்லாக உச்சரிக்கும் வழக்கம் ஆங்கிலத்தில் 20ஆம் நூற்றாண்டில்தான் பெருகியது. போர்களும் படைத்துறை அலுவலகங்களும் அதை வளர்த்தன. ‘ரேடார்’ 1940இல் அமெரிக்கக் கடற்படையில் உருவானது. ‘லேசர்’ 1950களின் இறுதியில் வந்தது. இவை மெய்யான சுருக்கச் சொற்கள். கோல்ஃபோ, 1457ஆம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்து நாடாளுமன்றச் சட்டத்தில் இடம்பெற்றுவிட்டது. மக்கள் வில்வித்தைப் பயிற்சியை விட்டுவிடுகிறார்கள் என்று, இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில் கால்பந்தோடு சேர்த்து அதையும் தடை செய்தார்கள். ‘டிப்’ 17ஆம் நூற்றாண்டில் திருடர்களின் குழூஉக்குறியில் ‘கொடு, கைமாற்று’ என்ற பொருளில் வழங்கியது. பழைய சொல் ஒன்றுக்கு முதலெழுத்துக் கதையை யாராவது சொன்னால், அது பொய்யாக இருக்கும் என்று வைத்துக்கொண்டு தேடத் தொடங்குவதே நல்லது.

ஆனால் இந்த விதியை மீறிய ஒரு சொல் இருக்கிறது. உலகில் மிகப் பரவலாகப் புழங்கும் ஆங்கிலச் சொற்களில் ஒன்றும்கூட அது: ‘ஓகே’. அதன் தோற்றத்துக்கு எத்தனையோ உரிமை கோரல்கள் இருந்தன. அமெரிக்கப் பூர்வகுடிகளான சாக்டா மக்களின் மொழியிலிருந்து வந்தது என்றார்கள். ஆண்ட்ரூ ஜாக்சன் என்ற குடியரசுத் தலைவருக்கு எழுத்துப்பிழை இல்லாமல் எழுத வராது, அவர் கிறுக்கிய குறிப்பு இது என்றார்கள். ஆலன் வாக்கர் ரீட் என்ற மொழியறிஞர் பழைய செய்தித்தாள்களைப் புரட்டித் தேடி, 1960களின் தொடக்கத்தில் இந்த வழக்கை முடித்துவைத்தார்.

1838, 1839 ஆண்டுகளில் பாஸ்டன் நகரப் பத்திரிகை ஆசிரியர்களிடையே ஒரு விளையாட்டு பரவியிருந்தது. ஒரு தொடரை வேண்டுமென்றே பிழையாக எழுதுவது, பிறகு அந்தப் பிழையான எழுத்துகளிலிருந்து சுருக்கம் செய்வது. ‘ஆல் ரைட்’ என்பதற்கு ‘ஓ.டபிள்யூ.’ என்று போடுவார்கள். அந்த வரிசையில் ‘ஆல் கரெக்ட்’ என்பதை ‘ஓ’ எழுத்திலும் ‘கே’ எழுத்திலும் தொடங்குவதாகப் பிழையாக எழுதி, 1839 மார்ச் 23 அன்று ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ இதழ் ‘ஓ.கே.’ என்று அச்சிட்டது. அக்காலச் சுருக்கங்களில் மற்றவை ஓரிரு ஆண்டுகளில் செத்துப்போயின. இதை மட்டும் தேர்தல் காப்பாற்றியது. 1840இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு மீண்டும் போட்டியிட்ட மார்ட்டின் வான் ப்யூரன் நியூயார்க் மாநிலத்தின் கிண்டர்ஹுக் என்ற ஊர்க்காரர். ‘ஓல்ட் கிண்டர்ஹுக்’ என்ற அவருடைய செல்லப்பெயரின் முதலெழுத்துகளும் அதே ‘ஓ.கே.’தான். ஆதரவாளர்கள் அந்தப் பெயரில் மன்றங்கள் அமைத்தார்கள். எதிரணியினர் அதையே திருப்பி அடித்தார்கள். ஜாக்சனின் எழுத்துப்பிழைக் கதை கிளம்பியதும் அந்தப் பிரசாரத்தில்தான். வான் ப்யூரன் தோற்றார், சொல் நிலைத்துவிட்டது. ஒரு நகரத்தின் பத்திரிகையாளர்கள் கொஞ்ச காலம் விளையாடிய விளையாட்டு இன்று உலகின் எத்தனையோ மொழிகளில் சம்மதத்தைத் தெரிவிக்கிறது. கற்பனைக் கதை எதுவும் இதன் அருகில்கூட வர முடியாது என்பது என் எண்ணம். இதைச் சொல்ல முடிவதற்குக் காரணம், தேதியோடு ஒரு தாள் கையில் இருப்பதுதான்.

பாதி உண்மையும் பாதிக் கற்பனையுமாகக் கலந்த கதைகள் இன்னும் தந்திரமானவை. ‘சேலரி’ என்ற சொல் உப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லான ‘சால்’ என்பதிலிருந்து வந்தது. ‘சலாரியம்’ என்பது ரோமானியர் காலத்தில் ஊதியப்படி. இதுவரை சரி. ஆனால், ‘ரோமானியப் படைவீரர்களுக்கு உப்பாகவே சம்பளம் அளந்தார்கள்’ என்பதற்கு ரோமானியர் எழுதிவைத்த சான்று எதுவும் இல்லை. முதலாம் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் பிளினி, சலாரியம் என்ற பெயருக்கு உப்போடு தொடர்பு உண்டு என்று போகிறபோக்கில் குறிப்பிடுகிறாரே தவிர, மூட்டையில் உப்பு கொடுத்ததாகச் சொல்லவில்லை. வேர் உண்மை, அதன்மேல் எழுப்பிய காட்சி பிற்காலத்தார் ஊகம். சொற்பிறப்பைப் பேசும் எவரும் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லக் கடமைப்பட்டவர்.

சான்று, சான்று என்கிறோமே, அது எங்கிருந்து வருகிறது? ஆங்கிலத்தைப் பொறுத்தவரை பெரும்பகுதி ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியிலிருந்து வருகிறது. 1857இல் லண்டன் மொழியியல் கழகத்தில் எழுந்த யோசனை அது. ஒவ்வொரு சொல்லும் எந்த ஆண்டில் முதன்முதலாக எழுத்தில் தோன்றியது, அதன் பிறகு பொருள் எப்படி எப்படி மாறியது என்பதை மேற்கோள்களால் நிறுவ வேண்டும் என்பது திட்டம். 1879இல் பொறுப்பேற்ற ஜேம்ஸ் மரே, புத்தகம் படிக்கும் பொதுமக்களிடமே வேலையைக் கொடுத்தார். ஒரு துண்டுச் சீட்டின் மேல்மூலையில் சொல்; கீழே ஆண்டு, ஆசிரியர், நூல், பக்கம்; அதன் கீழே சொல் வரும் வாக்கியம் அப்படியே. ஆயிரக்கணக்கானோர் இப்படி எழுதி அனுப்பிய லட்சக்கணக்கான சீட்டுகள் மரேயின் தோட்டத்துக் கொட்டகையில் அறை அறையாகப் பிரிக்கப்பட்டன. முதல் பகுதி 1884இல் வந்தது. கடைசிப் பகுதி 1928இல். மரே 1915இலேயே இறந்துவிட்டார். 4,14,825 சொற்கள் கொண்ட அந்த வேலைக்குப் பிறகுதான் ‘அப்படியாம், இப்படியாம்’ என்ற பேச்சுக்கு ஒரு முடிவு கட்ட வழி பிறந்தது.

சீட்டு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு, அட்லாண்டிக்கின் மறுகரையில் வெப்ஸ்டர் அகராதியில் நடந்த ஒரு சம்பவம் பாடம். 1931 ஜூலை 31 அன்று, வேதியியல் பகுதிக்குப் பொறுப்பான ஆசிரியர் ஒரு சீட்டு எழுதினார். பெரிய ‘டி’ எழுத்தோ சிறிய ‘டி’ எழுத்தோ அடர்த்தியைக் குறிக்கும் சுருக்கமாக வரலாம் என்பது அதன் உள்ளடக்கம். இரண்டு ‘டி’களுக்கு நடுவே ‘அல்லது’ என்ற பொருளில் ‘ஆர்’ என்ற ஆங்கிலச் சொல் இருந்தது. சீட்டைக் கையாண்டவர்கள் நான்கு எழுத்தையும் சேர்த்துப் படித்தார்கள். ‘டோர்ட்’ என்று ஒரு புதுச் சொல் பிறந்தது, பொருள், அடர்த்தி. 1934இல் வெளியான அகராதியில், உச்சரிப்புக் குறிப்போடு அது அச்சேறியது. 1939 பிப்ரவரியில்தான் ஓர் ஆசிரியரின் கண் அதில் நின்றது. அவருக்குச் சந்தேகம் தட்டக் காரணம், அந்தச் சொல்லுக்குச் சொற்பிறப்பு கொடுக்கப்படவில்லை என்பதே. தாய் தகப்பன் தெரியாத சொல் ஒன்று இத்தனை துல்லியமான அறிவியல் பொருளோடு எப்படி நிற்க முடியும் என்று அவர் தோண்டினார், குட்டு வெளிப்பட்டது. ஒரு சொல்லின் வரலாற்றைக் கேட்பது வெறும் ஆர்வக்கோளாறு என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் நிகழ்ச்சி இது.

எழுத்துச் சான்று எட்டாத காலத்துக்கும் பின்னே போக இன்னொரு கருவி இருக்கிறது: ஒலி மாற்ற விதி. 1786இல் கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ், சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்று உரையாற்றினார். அந்த உறவு எப்படி வேலை செய்கிறது என்பதை 1822இல் ஜெர்மானிய அறிஞர் யாக்கோப் கிரிம் வரிசைப்படுத்திக் காட்டினார். அந்தப் பழைய மூலத்தில் ‘ப’ என்று ஒலித்தது ஆங்கிலத்தில் ‘ஃப’ ஆகும்; ‘க’ என்பது ‘ஹ’ ஆகும்; ‘டென்டிஸ்ட்’டின் தொடக்கத்தில் கேட்கும் மென்மையான ‘ட’, ‘டூத்’தின் தொடக்கத்தில் கேட்கும் வன்மையான ‘ட’ ஆகும். லத்தீன், கிரேக்கம், சமஸ்கிருதத்தில் அந்த மாற்றம் நடக்கவில்லை. ஆங்கிலம் பிற்காலத்தில் லத்தீனிலிருந்தும் கடன் வாங்கியதால், ஒரே சொல்லின் இரண்டு வடிவங்களும் அதனுள் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. கால் ‘ஃபுட்’, காலால் மிதிப்பது ‘பெடல்’. அப்பா ‘ஃபாதர்’, தந்தைவழி ‘பேட்டர்னல்’. கொம்பு ‘ஹார்ன்’, ஒற்றைக் கொம்பு விலங்கு ‘யூனிகார்ன்’. நூறு ‘ஹண்ட்ரட்’, நூற்றாண்டு ‘செஞ்சுரி’ (லத்தீனில் அதன் முதல் ஒலி ‘க’). பல் ‘டூத்’, பல் மருத்துவர் ‘டென்டிஸ்ட்’. பத்து ‘டென்’, பத்தின் அடிப்படையிலானது ‘டெசிமல்’. முதல் சொல் வீட்டில் வளர்ந்தது. இரண்டாவது, அதே வம்சத்தில் வேறு வீட்டில் வளர்ந்து பல நூற்றாண்டுக்குப் பிறகு திரும்பி வந்தது. இந்த வரிசையை முதன்முதலாகப் புரிந்துகொள்ளும்போது ஏற்படும் மகிழ்ச்சிக்கு ஈடாக மொழிப் படிப்பில் வேறொன்றையும் நான் கண்டதில்லை.

தமிழ் வாசகர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ‘ஒன்று’ என்பதும் ஆங்கில ‘ஒன்’ என்பதும் ஒலியில் எவ்வளவு நெருங்கியிருக்கின்றன! அதனால் ஆங்கிலம் தமிழிலிருந்து எடுத்தது என்ற முழக்கம் அடிக்கடி எழுகிறது. ஆங்கிலச் சொல்லைப் பின்னோக்கித் தொடர்ந்தால் ஒற்றுமை நம் கண்ணெதிரே கரைகிறது. பழைய ஆங்கிலத்தில் அது ‘ஆன்’. ஜெர்மன் மொழியில் ‘ஐன்ஸ்’. லத்தீனில் ‘ஊனுஸ்’, அதற்கும் முந்திய லத்தீனில் ‘ஓய்னோஸ்’. ஆங்கிலத்தில் தொடக்கத்தில் கேட்கும் ‘வ’ ஒலி இடைக்காலத்தின் இறுதியில் பேச்சில் ஒட்டிக்கொண்டது. ‘அலோன்’, ‘ஒன்லி’ ஆகிய சொற்களில் அது இல்லை, ஆனால் அவற்றுக்குள்ளும் இருப்பது அதே ‘ஒன்’தான். தமிழின் ‘ஒன்று’ என்பதோ மலையாளத்தின் ‘ஒந்நு’, கன்னடத்தின் ‘ஒந்து’ ஆகியவற்றோடு சேர்ந்து, வேறொரு தனி வேரிலிருந்து வந்தது. தமிழும் அதன் உறவு மொழிகளும் தனிக்குடும்பம் என்பதை 1816இலேயே சென்னையில் எல்லிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி எழுதிக்காட்டிவிட்டார். இரண்டு சொற்களும் இன்று ஒலியில் சந்தித்திருப்பது தற்செயல்.

இதற்கு நேர்மாறாக, ‘பாதம்’ என்பதும் ‘ஃபுட்’ என்பதும் காதுக்குக் கொஞ்சமும் ஒத்துவராதவை. அவை மெய்யாகவே உறவினர். தமிழுக்குப் பாதம் வந்தது சமஸ்கிருதத்திலிருந்து. சமஸ்கிருதப் ‘பாத’மும் ஆங்கில ‘ஃபுட்’டும் ஒரே மூலச் சொல்லின் பிள்ளைகள், நடுவே கிரிம் சொன்ன ‘ப–ஃப’ மாற்றம். ஒலி ஒத்தால் உறவு, ஒவ்வாவிட்டால் அந்நியம் என்று எண்ணுவது இரண்டு பக்கமும் ஏமாற்றும். ஆஸ்திரேலியாவின் வடக்குக் குயின்ஸ்லாந்தில் பேசப்பட்ட எம்பாபரம் என்ற பூர்வகுடி மொழியில் நாய்க்குப் பெயர் ‘டாக்’. ஆங்கிலேயரிடம் கேட்டு வாங்கியதல்ல. சுற்றியுள்ள மொழிகளில் ‘குடக’ என்று வழங்கும் சொல், அந்த மொழியின் ஒலி விதிகளின்படி முன்னும் பின்னும் தேய்ந்து அப்படி ஆனது என்று மொழியியலாளர் டிக்சன் விளக்கியிருக்கிறார். உலகின் ஆயிரக்கணக்கான மொழிகளிடையே இம்மாதிரி சந்திப்புகள் நிகழாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பொய்யான உறவுகளைக் கைவிடுவதில் நமக்கு இழப்பு எதுவும் இல்லை. உறுதியாக நிறுவப்பட்டவையே பெருமைக்குப் போதும். ‘ஜிஞ்சர்’ என்ற சொல்லின் அடியில் இருப்பது இஞ்சி வேர். தென்னாட்டு மொழிகளில் ஒருகாலத்தில் ‘சிங்கி’ போன்று தொடக்க மெய்யோடு ஒலித்த இஞ்சி, வேரோடு சேர்ந்து வடக்கே போய்ப் பாலி மொழியில் ‘சிங்கிவேர’ என்றானது. கிரேக்கத்தில் ‘சிங்கிபெரிஸ்’, லத்தீனில் ‘சிங்கிபேர்’, பழைய ஆங்கிலத்தில் ‘கிங்கிஃபெர்’. சமஸ்கிருதம் அதைத் தன் சொல்லாகவே பாவித்து, ‘கொம்பு போன்ற உடல்’ என்று பொருள் வரும்படி ‘சிருங்கவேர’ எனத் திருத்திக்கொண்டது. கேட்ட சொல்லுக்குத் தெரிந்த பொருளைப் பொருத்திக்கொள்ளும் பழக்கம் எல்லா மொழிகளுக்கும் உண்டு. ‘கேட்டமரான்’ கட்டுமரத்திலிருந்து வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். கவனிக்க வேண்டியது பொருள் மாற்றம். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரையைக் கண்ட டேம்பியர் என்ற ஆங்கில மாலுமி, இலேசான மரத்துண்டு ஒன்றோ இரண்டோ கொண்டது என்றுதான் அதை வருணித்தார். இன்றைய ஆங்கிலத்தில் அந்தப் பெயர், அருகருகே இரண்டு உடல்கள் கொண்ட படகுக்கு உரியது. அந்த அமைப்பு பசிபிக் தீவு மக்களுடையது. பெயர் மட்டும் நம்முடையது.

ஆங்கிலம் தன் வீட்டுக்குள்ளேயே கடனாளியாகி நின்ற காலத்தை நேரில் பார்த்தவர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். இங்கிலாந்தின் முதல் அச்சகத்தை நடத்திய வில்லியம் காக்ஸ்டன், 1490இல் தாம் வெளியிட்ட ஒரு நூலின் முன்னுரையில் சொல்கிறார்: தேம்ஸ் ஆற்றிலிருந்து ஜீலந்துக்குப் புறப்பட்ட சில வணிகர்கள், காற்று வீசாததால் கரையிறங்குகிறார்கள். அவர்களில் ஷெஃபீல்ட் என்ற துணி வணிகர் ஒரு வீட்டில் உணவு கேட்கிறார். குறிப்பாக ‘எக்ஸ்’ வேண்டும் என்கிறார். வீட்டுக்காரப் பெண்மணி, எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்கிறார். வணிகருக்குக் கோபம், ஏனென்றால் அவருக்கும் பிரெஞ்சு தெரியாது. அவர் கேட்டது முட்டை. கடைசியில் கூட இருந்த இன்னொருவர் ‘ஐரன்’ வேண்டும் என்றதும், ஓ, புரிந்தது என்கிறார் பெண்மணி. முட்டைக்கு ஆங்கிலேயரின் பழைய பெயர் ‘ஐரன்’. ‘எக்’ என்பது வைக்கிங்குகள் வந்து குடியேறிய வடபகுதியிலிருந்து இறங்கிவந்த ஸ்காண்டிநேவியச் சொல். இவற்றில் எதைத்தான் ஒருவன் இந்தக் காலத்தில் எழுதுவது என்று காக்ஸ்டன் அலுத்துக்கொள்கிறார். ‘எக்’ வென்றது. ‘தே’, ‘ஸ்கை’, ‘ஸ்கின்’, ‘லா’, ‘ஹஸ்பண்ட்’ எல்லாம் அதே வழியில் வந்தவை. ‘விண்டோ’வும் அப்படித்தான்: அந்த மொழியில் அதன் பொருள் காற்றின் கண். இத்தனை அடிப்படையான சொற்களை, அதிலும் ‘அவர்கள்’ என்ற சுட்டுப்பெயரையே, ஒரு மொழி இன்னொன்றிடமிருந்து எடுப்பது மிக அரிது. படையெடுத்து வந்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்களாகிப் பெண் கொடுத்துப் பெண் எடுத்திருந்தால் மட்டுமே அது நடக்கும்.

அந்த முன்னுரையில் வணிகர் கேட்ட உணவுக்குக் காக்ஸ்டன் எழுதியிருக்கும் சொல் ‘மீட்’. அன்றைக்கு அதற்கு உணவு என்பதுதான் பொருள். இறைச்சி என்று சுருங்கியது பிறகு. இனிப்புப் பண்டத்தைக் குறிக்கும் ‘ஸ்வீட்மீட்’ என்ற சொல்லில் இறைச்சி இல்லாததற்குக் காரணம் அதுவே. இறைச்சி என்றதும் 1066இன் நார்மன் படையெடுப்புக் கதை நினைவுக்கு வரும். கொட்டிலில் மேய்த்த ஆங்கிலேயக் குடியானவன் ‘கௌ’, ‘ஷீப்’ என்றான், மேசையில் உண்ட பிரெஞ்சுப் பிரபு ‘பீஃப்’, ‘மட்டன்’ என்றான் என்று சொல்வார்கள். 1653இல் ஜான் வாலிஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் தம் இலக்கண நூலில் இதைக் குறிப்பிட்டார். வால்ட்டர் ஸ்காட்டின் நாவல் ஒன்று 19ஆம் நூற்றாண்டில் அதை ஊரறியச் செய்தது. சொற்களின் ஊர் சரிதான். ஆனால் பிரெஞ்சில் அந்தச் சொற்கள் இன்றும் உயிருள்ள மாட்டையும் ஆட்டையும்கூடக் குறிக்கின்றன. ஆங்கிலத்திலும் பல நூற்றாண்டுகள் அவை இரண்டு பொருளிலும் வழங்கின. விலங்குக்கு ஒன்று, இறைச்சிக்கு ஒன்று என்ற கறாரான பிரிவினை இறுகியது வெகு பின்னால். ஒரே போர்க்களத்தில் முடிவான விஷயம் அல்ல இது.

சொற்கள் பொருளை மாற்றிக்கொள்ளும் போக்கில், எனக்கு மிகவும் பிடித்த ஜோடி, வீரனைக் குறிக்கும் ‘நைட்’டும் அயோக்கியனைக் குறிக்கும் ‘நேவ்’வும். பழைய ஆங்கிலத்தில் இரண்டுக்கும் பையன், ஏவலாள் என்றே பொருள். முதலாவது அரசனுக்கு ஏவல் செய்து, குதிரையேறி, கவசம் தரித்து, வீரப் பட்டமாக உயர்ந்தது. இரண்டாவது வேலைக்காரனாகவே இருந்து, பிறகு அயோக்கியன் என்ற வசையில் போய் விழுந்தது. ‘நைட்’டின் ஜெர்மானிய உடன்பிறப்பு இன்றும் ஏவலாள்தான். ‘நேவ்’வின் உடன்பிறப்பு அங்கே இன்றும் வெறும் பையன். உயர்வும் தாழ்வும் சொல்லின் தன்மையில் இல்லை, யாரோடு சேர்ந்து புழங்கியது என்பதில் இருக்கிறது.

‘நைஸ்’ இதைவிட நீண்ட பயணம் செய்தது. லத்தீனில் ‘நெஸ்கியுஸ்’ என்றால் அறியாதவன். பிரெஞ்சு வழியாக 13ஆம் நூற்றாண்டை ஒட்டி ஆங்கிலத்துக்கு வரும்போது அசடு என்று பொருள். அசடு கூச்சமாகி, கூச்சம் எதிலும் குற்றம் பார்க்கும் நுணுக்கமாகி, நுணுக்கம் நேர்த்தியாகி, 18ஆம் நூற்றாண்டில் இனிமையானது என்றானது. ஒவ்வோர் அடியும் சின்னதுதான். இரண்டு முனைகளை மட்டும் பார்த்தால்தான் தலை சுற்றும். ‘சில்லி’ அதற்கு எதிர்த்திசையில் நடந்தது: அருள்பெற்றவர் என்பதிலிருந்து கள்ளமற்றவர், பாவப்பட்டவர், கடைசியில் அசடு.

துப்பு என்ற பொருளில் வரும் ‘க்ளூ’ முதலில் நூற்கண்டு. கிரேக்கப் புராணத்தில், உள்ளே போனால் வெளியே வர முடியாத சிக்கல் மாளிகைக்குள் நுழையும் தீசியஸுக்கு அரியாட்னி ஒரு நூற்கண்டைக் கொடுக்கிறாள். அதைப் பிரித்துக்கொண்டே போய், அதே நூலைப் பிடித்துத் திரும்பி வருகிறான். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே, வழிகாட்டும் எதற்கும் நூற்கண்டு என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு நூல் மறைந்து, பெயர் மட்டும் துப்பறிவாளர்களிடம் வந்து சேர்ந்தது.

படித்தவர்களின் தலையீட்டால் கெட்டுப்போன எழுத்துக்கூட்டலையும் சொல்லிவிட வேண்டும். கடனைக் குறிக்கும் ‘டெட்’டில் ஒலிக்காத ‘பி’ ஏன் இருக்கிறது? இடைக்கால ஆங்கிலத்தில் அது கிடையாது. லத்தீன் மூலத்தில் ‘பி’ உண்டு என்பதைக் காட்ட மறுமலர்ச்சிக் காலத்து அறிஞர்கள் சொருகினார்கள். ‘ஐலண்ட்’டில் உள்ள ‘எஸ்’ இன்னும் மோசம்: அது லத்தீன் சொல்லே அல்ல, தூய ஆங்கிலச் சொல். தீவைக் குறிக்கும் வேறொரு பிரெஞ்சுச் சொல்லோடு குழப்பி, இல்லாத பாட்டனாரின் நினைவாக ஓர் எழுத்தைச் சேர்த்துவிட்டார்கள். உலகம் முழுவதும் குழந்தைகள் இன்றுவரை அதை மனப்பாடம் செய்கிறார்கள்.

அதிகம் புழங்காத சொற்களில் சிலவற்றுக்குப் பிறந்த நாளே தெரியும். 1754 ஜனவரி 28 அன்று ஹோரஸ் வால்போல் என்ற ஆங்கிலேயர், ஃபுளோரன்ஸில் இருந்த நண்பர் ஹோரஸ் மானுக்குக் கடிதம் எழுதும்போது ‘செரண்டிபிட்டி’ என்ற சொல்லை உருவாக்கினார். செரண்டிப் என்பது இலங்கையின் பழைய பெயர். ‘சிங்களத்தீவு’ என்பதன் சமஸ்கிருத வடிவம் அரபு மொழியில் ‘சரண்தீப்’ ஆனது. செரண்டிப்பின் மூன்று இளவரசர்களைப் பற்றிய ஒரு பாரசீகக் கதை ஐரோப்பாவில் புழங்கியது. வழியில் இடப்பக்கப் புல் மட்டும் மேயப்பட்டிருப்பதைக் கண்டு, முன்னே போன கோவேறு கழுதைக்கு வலக்கண் குருடு என்று அவர்கள் ஊகிப்பதை வால்போல் எடுத்துக்காட்டுகிறார். தற்செயலும் கூர்மதியும் சேர்ந்து, தேடாத ஒன்றைக் கண்டடைவது என்பதே அவர் தந்த விளக்கம். கடிதங்கள் 1833இல்தான் அச்சாயின. சொல் பரவலானது 20ஆம் நூற்றாண்டில். பரவியபோது கூர்மதி உதிர்ந்துவிட்டது, அதிர்ஷ்டம் மட்டும் மிஞ்சியது. அந்த இழப்பு எனக்கு வருத்தமளிக்கிறது. தற்செயல் எல்லோருக்கும் வாய்க்கிறது. புல்லைக் கவனிப்பவர்தான் இளவரசர்.

மழை பட்ட மண்ணின் மணத்துக்கு ஆங்கிலத்தில் 1964 வரை தனிச்சொல் இல்லை. அந்த ஆண்டு ‘நேச்சர்’ இதழில் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் ‘பெட்ரிகோர்’ என்று பெயரிட்டார்கள். கிரேக்கத்தில் ‘பெட்ரா’ பாறை. ‘இகோர்’ என்பது தேவர்களின் நாளங்களில் இரத்தத்துக்குப் பதிலாக ஓடும் திரவம். ஆய்வுக்கூடத்தில் பிறந்த சொற்களில் இவ்வளவு கவித்துவம் உள்ளவை சிலவே.

‘அல்ட்ராகிரெப்பிடேரியன்’ என்ற நாக்கைச் சுழற்றும் சொல்லுக்கு, தனக்குத் தெரியாத துறையில் தீர்ப்புச் சொல்பவர் என்று பொருள். பண்டைக் கிரேக்க ஓவியர் அப்பெல்லஸ் தம் படங்களை வெளியே வைத்துவிட்டு, மறைந்திருந்து மக்கள் பேசுவதைக் கேட்பாராம். ஒரு செருப்புத் தைப்பவர் படத்திலுள்ள காலணியில் பிழை கண்டார், ஓவியர் திருத்திவிட்டார். ஊக்கம் பெற்று மறுநாள் அவர் காலையே குறைசொல்லத் தொடங்க, செருப்புக்கு மேலே தீர்ப்புச் சொல்ல வேண்டாம் என்றார் அப்பெல்லஸ். பிளினி எழுதிவைத்த இந்தக் கதையிலிருந்து பிறந்த ‘செருப்புக்கு மேலே’ என்ற லத்தீன் தொடரை எடுத்து, 1819இல் கட்டுரையாளர் வில்லியம் ஹாஸ்லிட் தம்மைத் தாக்கிய விமர்சகர் கிஃபோர்டின்மீது எறிந்தார்.

இவ்வளவு அபூர்வமான சொற்களுக்குச் சாதகமே கணிக்க முடிகிறது. தினமும் பத்து முறை சொல்லும் சொற்களுக்கு முடியவில்லை. ‘கேர்ள்’ எங்கிருந்து வந்தது என்பது உறுதிப்படவில்லை. 1300ஐ ஒட்டி அது தோன்றும்போது ஆண், பெண் எந்தக் குழந்தைக்கும் பொதுப்பெயர். ‘பாய்’ என்பதும் புதிரே. இவற்றைவிடப் பெரிய புதிர் ‘டாக்’. ஆங்கிலேயர் நாய்க்கு இட்ட பழைய பெயர் ‘ஹுண்ட்’. இன்று அது ‘ஹௌண்ட்’ என்று வேட்டைநாயாகச் சுருங்கிவிட்டது. அந்த இடத்தைப் பிடித்துக்கொண்ட ‘டாக்’, ஒரு லத்தீன் நூலுக்குப் பழைய ஆங்கிலத்தில் எழுதப்பட்ட 11ஆம் நூற்றாண்டுச் சொற்பொருள் குறிப்பில் ‘டொக்க’ என்ற வடிவில் எட்டிப்பார்க்கிறது. ஜெர்மன், டச்சு, ஸ்காண்டிநேவிய மொழிகளில் அதற்கு உறவே இல்லை. அங்கே இருப்பவையும் ஆங்கிலத்திடமிருந்து வாங்கியவை. தவளைக்கு ‘ஃப்ரொக்க’, கலைமானுக்கு ‘ஸ்டக்க’ என்று அதே ‘க்க’ முடிவோடு வேறு சில விலங்குப் பெயர்களும் பழைய ஆங்கிலத்தில் இருந்ததால், அது பேச்சுவழக்கில் செல்லமாகக் கூப்பிடும் விகுதியாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். விகுதியை நீக்கினால் எஞ்சும் முதல் பாதி எதைக் குறித்தது என்பதில் கருத்து வேறுபாடு இன்னும் தீரவில்லை.